சுவர் செல்

ஜூன் 9, திங்கள்

பெனி, இந்நேரத்துக்கு உட்கார்ந்து எழுதுவதற்கு மன்னித்துக்கொள். வீடு அடங்கிய பிறகுதான் எனக்குக் கை ஒழிகிறது. எழுத்து கோணல்மாணலாக இருந்தால் தூக்கக் கலக்கம் என்று வைத்துக்கொள்.

அம்மாவின் முதலாண்டுப் பூசைக்கு நான் கோயம்புத்தூர் வராததிலிருந்து என் எண்ணை உன் போனில் அடைத்து வைத்திருக்கிறாய். 'உனக்கு அம்மா எப்பவும் ரெண்டாம்பட்சந்தான்' என்று நீ அனுப்பிய வரிக்கு நான் பதில் தட்டி முடிப்பதற்குள் வழி அடைபட்டுவிட்டது. சரி. அம்மாவைக் கடைசிவரை குளிப்பாட்டி, உடுத்தி, இரவில் தெருவில் இறங்கிவிடாமல் இருக்கக் கதவுக்குக் குறுக்கே பாய் போட்டுப் படுத்தவள் நீ. கோபப்பட உனக்கு உரிமை இருக்கிறது. ஆனால் நான் வராததற்குக் காரணம் நிவி. அதை யாரிடமாவது சொல்லியாக வேண்டும். இந்த டைரியில் உனக்கே எழுதுகிறேன். உன் கோபம் ஆறியதும் அனுப்புகிறேன்.

நிவிக்கு ஏழு மாதம். அவள் அப்பா துறைமுகத்தில் ஷிப்ட் முடிந்து வந்து வாசலில் நின்று விசில் அடித்தால் உடம்பெல்லாம் குலுங்கச் சிரிப்பாள். இப்போது சிரிப்பதில்லை. அந்தோ நேற்று ஷூவைக்கூடக் கழற்றாமல் நின்று அடித்துப் பார்த்தார். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குப்புற விழப் பழகியிருந்தவள் இப்போது போட்ட இடத்தில் போட்டபடி கிடக்கிறாள். எப்போது நின்றது என்று யோசித்தால் பிடிபடவில்லை. நின்ற பிறகுதான் நின்றது தெரிகிறது.

அந்தோவின் அம்மாவிடம் சொன்னேன். மாமியை உன் கல்யாணத்தில் பார்த்திருப்பாய், பந்தியில் நின்று எல்லோரையும் அதட்டிக்கொண்டிருந்தவர்.

"ஏ பிள்ள, அமரிக்கையான பிள்ள கிடைக்கணும்னு ஊருல ஒவ்வொருத்தியும் வேண்டிக்கிட்டுத் திரியுதா. நீ என்னடான்னா அவ அழலியேன்னு அழுத."

இட்லிக்கு ஊறப்போட்டது அப்படியே இருக்கிறது. அரைத்துவிட்டு வருகிறேன்.

ஜூன் 12, வியாழன்

டாக்டரிடம் போனோம். நம் பக்கத்தில் எல்லோரும் போகிற கிளினிக்தான். அவர் நிவியை எடை போட்டார். எடையெல்லாம் குறைவில்லை, கன்னம் கொழுகொழுவென்றுதான் இருக்கிறது.

"தாய்ப்பால் மட்டுமா?"

"கூழ் குடுத்துப் பாத்தேன் டாக்டர். வாயிலயே வச்சிருந்து வழிய விட்டிருதா. பால் மட்டும் குடிக்கா."

"நல்லதுதானே. தாய்ப்பால விட என்ன இருக்கு. நீங்க சைவமா, அசைவமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் மாமி முந்திக்கொண்டார். "டாக்டர், நாங்க கடக்கரைக்காரங்க. மீன் இல்லாம எங்க வீட்டுல உல ஏறாது."

டாக்டர் சிரித்துவிட்டார். "அப்ப சத்துக் குறைவுங்கிற பேச்சே இல்ல. குண்டுப் பிள்ள, கொஞ்சம் சோம்பேறிப் பிள்ள. தானா சரியாகும்."

இரும்புச்சத்துச் சொட்டு மருந்து எழுதினார். திரும்பும் வழியில் மாமி ஒரு கூறு சாளை மீன் வாங்கினார். ஜெயித்தவர் வாங்குகிற மாதிரி வாங்கினார்.

ஜூன் 13, வெள்ளி

சாளைக் குழம்பு. எனக்கு மட்டும் தயிர் சோறு. மிளகாய் பட்டால் நாக்கு வெந்த புண் மாதிரி எரிகிறது, சூட்டு உடம்பு.

ஜூன் 21, சனி

கல்லூரியிலிருந்து ஷைலா மேடம் கூப்பிட்டிருந்தார். நான் பேறுகால விடுப்பில் இருக்கிறேன், ஆனால் கௌரவ விரிவுரையாளர் விடுப்பில் இருந்தாலும் கல்லூரி கேட்டால் மாட்டேன் என்று சொல்ல முடியாது. "ரெனிட்டா, இரைப்பைத் திசுவியல் மட்டும் ஒரே ஒரு ஆன்லைன் கிளாஸ் எடுத்துக் குடுத்திரு. அத உன்ன மாதிரி யாரும் எடுக்க மாட்டேங்காங்க." அதில் கொஞ்சம் பெருமை எனக்கு.

நிவியை மடியில் போட்டுக்கொண்டு எடுத்தேன். அவள் சத்தமே போடவில்லை. பிள்ளைகளுக்கு என் மடியில் ஒரு குழந்தை இருப்பதே தெரியாது.

இரைப்பையின் உள்சுவரை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் முதலில் தெரிவது குழிகள். மழை விட்ட கடற்கரை மணலில் தெரியுமே, அந்த மாதிரி சின்னச் சின்னக் குழிகள். ஒவ்வொரு குழிக்கும் அடியில் குழாய் போலச் சுரப்பிகள் இறங்கும். மேல் விளிம்பில் கோழை சுரக்கும் செல்கள். அந்த வழுவழுப்பு இல்லாவிட்டால் இரைப்பை தன்னைத் தானே செரித்துவிடும். அதனால்தான் அந்த மேல்தோல் சில நாட்களுக்கு ஒரு முறை முழுதாகப் புதுசாகிறது. போன வாரம் சாப்பிட்ட வயிறு இன்றைக்கு உங்களிடம் இல்லை என்று நான் சொல்லும்போது பையன்கள் சிரிப்பார்கள். சுரப்பியின் அடியில் ஊதா நிறத்தில் முதன்மை செல்கள், புரதத்தைச் செரிக்கிற நொதிக்கு மூலப்பொருளைத் தருபவை. நடுவில் சுவர் செல்கள். அவற்றைப் பார்த்தால் மறக்க மாட்டீர்கள். வட்டமாக, ரோஸ் நிறத்தில், நடுவில் ஒரு கருவோடு, சட்டியில் பொரித்து எடுத்த முட்டை மாதிரி இருக்கும். அமிலத்தைச் சுரப்பவை அவைதான். அமிலத்தோடு இன்னொன்றையும் சுரக்கும். அதற்குப் பெயர்...

அங்கே நின்றுவிட்டேன், பெனி. பெயர் வரவில்லை. ஆறு வருஷமாகப் பாடம் நடத்துகிறேன். நாக்கு நுனிவரை வந்து திரும்பிப் போகிறது. அரட்டைப் பெட்டியில் இசக்கிமுத்து என்கிற பையன் தட்டினான்: "மேம், உள்ளார்ந்த காரணி?"

"ஆமா, அதுதான். அது இல்லேன்னா பி12 என்கிற வைட்டமினை எவ்வளவு தின்னாலும் உடம்பு எடுத்துக்காது" என்று சொல்லிச் சமாளித்தேன். நெட் சரியில்லை என்று வேறு சொல்லிவைத்தேன்.

தூக்கம் இல்லாத மூளை. வேறென்ன.

ஜூலை 2, புதன்

நிவியின் கை விரல் மொளிகள், மடக்கினால் புடைக்கிற இடங்கள், கறுத்து வருகின்றன. மற்ற இடமெல்லாம் நிறமாக இருக்க, மொளிகளில் மட்டும் கரி தொட்டு வைத்தாற்போல. மாமி கடலைமாவு போட்டுத் தேய்க்கிறார். முடியும் செம்பட்டையாகிக் கொட்டுகிறது.

"கண்ணுபட்டிருக்கு. எதிர்வீட்டுக்காரி வந்து 'என்ன இப்பிடிக் குண்டா வச்சிருக்கீக'ன்னு கேட்டா பாரு, அன்னைக்கே எனக்குத் தெரியும்" என்றார். மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டார். நெடி வந்து நாங்கள் எல்லோரும் இருமினோம். நிவி இருமவில்லை, திரும்பவும் இல்லை.

இன்று குளிக்கும்போது முகத்துக்கு சோப்புப் போட்டுக் கண்ணை மூடினேன். பாத்ரூமே ஒரு பக்கமாகச் சாய்ந்தது. வாளியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அந்தோ சத்தம் கேட்டு வந்து, "ஏன், உள்ள கப்பல் ஓட்டுதியா?" என்றார். நானும் சிரித்தேன்.

அம்மா 'பஞ்சு மேல நடக்க மாதிரி இருக்கு' என்று சொல்லிக்கொண்டிருப்பாளே, ஞாபகம் இருக்கிறதா.

வேண்டாம். இதை எழுத வந்ததில்லை. துணி மடிக்க வேண்டும்.

ஜூலை 10, வியாழன்

நிவியின் தலை நிற்கவில்லை. தோளில் போட்டால் தொங்குகிறது. வேறு டாக்டர் பார்த்துவிட்டு ஸ்கேன் எடுக்கச் சொன்னார். எடுத்தோம். படத்தைப் பார்த்தவர் எங்கள் முகத்தைப் பார்க்காமல் பேசினார். மூளை வயதுக்குத் தகுந்தபடி இல்லையாம், கொஞ்சம் சுருங்கியிருக்கிறதாம். பரம்பரையாக ஏதாவது இருக்குமோ என்று பார்க்க வேண்டுமாம். "உங்க பக்கம் யாருக்காவது மனநோய், நரம்புக் கோளாறு?"

அம்மாவைப் பற்றிச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். மாமி என்னைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்தோ வண்டி எடுக்கப் போனவர் வரவே இல்லை. போய்ப் பார்த்தால் வண்டி நிறுத்துமிடத்தில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு நிற்கிறார். கண்ணாடியை இறக்கிவிட்டிருந்தார். உள்ளே அழுகிறார் என்று தோளைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

ஜூலை 11, வெள்ளி

ஒன்றும் எழுதுவதற்கில்லை. மாவு புளித்துவிட்டது.

ஜூலை 17, வியாழன்

பாளையங்கோட்டைக்குப் போனோம். அந்தோவோடு வேலை பார்ப்பவர் சொன்ன குழந்தை டாக்டர், பெயர் பகவதி. வயதான அம்மாள், சிரிக்காத முகம். ஸ்கேனைக் கடைசியில்தான் பார்த்தார். முதலில் நிவியின் மொளிகளைப் பார்த்தார், முடியைப் பார்த்தார், வாயைத் திறந்து பார்த்தார். பிறகு அவளை மாமி மடியில் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"உன் நாக்க நீட்டு."

"எனக்கு ஒண்ணும் இல்ல டாக்டர். பிள்ளைக்குத்தான்."

"பிள்ள நாக்கப் பாத்தாச்சு. உன்னத நீட்டுன்னேன்."

நீட்டினேன். டார்ச் அடித்துப் பார்த்தார். "தோல் உரிச்ச மாதிரி இருக்கே. எரியலியா?"

"காரம் தின்னா எரியும். சூட்டு உடம்பு."

"எந்திரி. ரெண்டு காலையும் சேத்து வை. கண்ண மூடு."

மூடினேன். அந்தோ பிடித்திருக்காவிட்டால் மேசை மேல் விழுந்திருப்பேன். கால் விரல்களில் உணர்ச்சி எப்படி இருக்கிறது என்று கேட்டார். மரத்துப்போன மாதிரி இருக்கிறது, பிள்ளை பெற்றவர்களுக்கு எல்லோருக்கும் அப்படித்தான் என்று நினைத்தேன் என்று சொன்னேன்.

"யாரு சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. நானே எனக்குச் சொல்லிக்கொண்டதுதான்.

"தாய்க்கும் பிள்ளைக்கும் பி12 பாக்கணும். இன்னைக்கே" என்றார்.

மாமிக்குச் சுருக்கென்றது. "டாக்டரம்மா, நாங்க சைவம் இல்ல. தெனமும் மீன். இவளுக்கு நான் குறையே வச்சதில்ல."

"நீங்க தட்டுல வச்சீங்க. அவ வயிறு அத எடுத்துச்சான்னு யாராவது பாத்தீங்களா? கடல் முழுசையும் தின்னாலும் உள்ள வாங்க ஆள் வேணும்." பிறகு என்னிடம், "நீ என்ன படிச்சிருக்க?" என்றார்.

"எம்.எஸ்ஸி. விலங்கியல்."

"அப்ப நான் சொல்ல வேண்டியதில்ல."

சொல்ல வேண்டியிருந்தது, பெனி. ரத்தம் கொடுத்துவிட்டு நிவியின் முறைக்காக நிற்கும்போதுதான் எனக்கு விளங்கியது. பாடமாக வைத்திருந்தது முழுவதும் அங்கே நின்றுகொண்டு, ஒரு கையில் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வரிசையாக ஞாபகம் வந்தது. அந்தப் பையன் தட்டிய வார்த்தை உட்பட.

ஜூலை 19, சனி

இருவருக்கும் பி12 அடிமட்டத்தில். என்னிடம் இல்லாததால் வயிற்றில் இருந்தபோதே அவளுக்குப் போகவில்லை. பிறந்த பிறகு என் பாலிலும் இல்லை. பால் நிறைய இருந்தது. அதனால்தான் எடை கூடியது, யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கொழுகொழுவென்று வளர்த்து உள்ளே மூளையைப் பட்டினி போட்டிருக்கிறேன்.

இருவருக்கும் ஊசி ஆரம்பித்தாயிற்று. நிவிக்கு மிகக் கொஞ்சமாக.

பால் கட்டி வலித்தது. கொடுக்க மனம் வரவில்லை. டாக்டர் பகவதியே போனில் வந்தார். "பால நிறுத்தினியா? யாரு நிறுத்தச் சொன்னா? உனக்கு ஊசி ஏறுனா பால்லயும் வரும். குடு." கொடுத்தேன். அவள் எப்போதும் போலக் குடித்தாள், என்னைப் பார்க்காமல்.

ஜூலை 24, வியாழன்

நேற்றிலிருந்து உதறல். கை, தாடை, நாக்கு, எல்லாம் குளிரில் நடுங்குகிற மாதிரி. தூங்கும்போது நிற்கிறது, விழித்தால் தொடங்குகிறது. வார்டில் இருக்கிறோம். ஊசி போட்ட பிறகு சில பிள்ளைகளுக்கு இப்படி வரும், பயப்படாதே என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். சொல்லியிருந்தது அறிவுக்குத் தெரிகிறது. கைக்குத் தெரியவில்லை. அவள் விரல்களைப் பிடித்தால் என் கையும் சேர்ந்து நடுங்குகிறது.

மாமி ஜெபமாலையை எடுத்துவரவில்லை என்று புலம்பினார். பிறகு விரல் விட்டு எண்ணியே சொல்லி முடித்தார். என் மேல் அவருக்குக் கோபம் இல்லை என்று நினைக்கிறேன். மதியம் மிளகாய் இல்லாத பருப்பும் குழைந்த சோறும் கொண்டுவந்து, "நாக்கு ஆறுத வரைக்கும் இதத் தின்னு" என்றார். மீனைப் பற்றி அவர் வாயைத் திறப்பதே இல்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

வீட்டுக்கு வந்துவிட்டோம். உதறல் குறைந்திருக்கிறது. பனிமய மாதா திருவிழா நடக்கிறது. தெருவெல்லாம் விளக்கு. நாங்கள் போகவில்லை.

எனக்கு ஏன் இப்படி என்று பார்க்க ரத்தத்தில் இன்னொரு பரிசோதனை செய்தார்கள். என் உடம்பே என் சுவர் செல்களைப் பகையாக நினைத்துத் தாக்கியிருக்கிறது. நாளை மறுநாளுக்கு அடுத்த நாள் வயிற்றுக்குள் குழாய் விட்டுச் சதைத் துணுக்கு எடுக்கிறார்கள். இது குடும்பத்தில் ஓடக்கூடியது, கூடப் பிறந்தவர்கள் இருந்தால் பார்த்துக்கொள்வது நல்லது என்றார்கள்.

அதை உனக்குச் சொல்லத்தான் அந்தோவை விட்டு உன் வீட்டுக்காரரைக் கூப்பிடச் சொன்னேன். ஸ்பீக்கரில் போட்டார். ரூபன் சந்தோஷமாகத்தான் பேசினார். "நானே சொல்லணும்னு இருந்தேன் அண்ணாச்சி. பெனிக்கு நாலு மாசம்."

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். என்னிடம் சொல்லாமல் நான்கு மாதம் சுமந்திருக்கிறாய்.

அந்தோ நிவியைப் பற்றியும் பி12 பற்றியும் சொல்லி, உனக்கும் ஒரு தடவை பார்க்கச் சொன்னார். ரூபன் சொன்னது இதுதான்: "அய்யோ அதெல்லாம் சைவக்காரங்களுக்கு வாறதுல்லா அண்ணாச்சி. இவ தெனமும் முட்ட, வாரத்துல நாலு நாள் கறி மீன். ரத்தமெல்லாம் நல்லாயிருக்குன்னு டாக்டரே சொல்லிட்டாங்க. அக்கா பேர எடுத்தாலே எந்திரிச்சுப் போயிருதா, இப்ப போய் இத நான் எப்பிடிச் சொல்ல?"

ஆகஸ்ட் 14, வியாழன்

இன்று என் வயிற்றைப் பார்த்தேன்.

அறிக்கை வாங்கப் போன இடத்தில், நான் இதையே பாடம் நடத்துகிறவள், ஸ்லைடைப் பார்க்கலாமா என்று கேட்டேன். நோயியல் டாக்டர் இளவயசுக்காரர், கொஞ்சம் யோசித்தார். "உங்களோடதா மேடம்? பாக்கணுமா?" என்றார். பிறகு இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து பார்க்கிற மைக்ராஸ்கோப்பில் என்னை உட்கார வைத்தார்.

முதலில் இரைப்பையின் வாசல் பக்கத்துத் துணுக்கு. குடலுக்குள் திறக்கிற பக்கம். அங்கே எல்லாம் ஒழுங்காக இருந்தது. குழி, கோழை, சுரப்பி, நான் கரும்பலகையில் வரைவதை விட அழகாக. இன்னொரு சாயம் போட்டு அவர் காட்டினார், அங்கங்கே பழுப்பாகச் சில செல்கள். அமிலம் வேண்டும் என்று ரத்தத்தின் வழியாகச் சொல்லி அனுப்புகிற செல்கள். வழக்கத்தைவிட அதிகமாக இருந்தன. "கேட்டுக்கிட்டே இருக்கு மேடம். பதில் வராததால இன்னும் அதிகமா கேக்குது" என்றார்.

பிறகு மேல் பகுதித் துணுக்கு. சுவர் செல்கள் இருக்க வேண்டிய இடம்.

மெலிந்துபோயிருந்தது, பெனி. உயரமான சுரப்பிகள் இருக்க வேண்டிய இடத்தில் குட்டையாக, இடைவெளி விட்டு. இடையில் கருநீலப் பொடி தூவினாற்போல நிணச்செல்கள், தாக்க வந்தவை, வேலை முடிந்த பிறகும் போகாமல் நிற்கின்றன. ஓர் ஓரத்தில் வெள்ளைக் குடம் மாதிரியான செல்கள். அவை குடலைச் சேர்ந்தவை. வயிற்றில் அவற்றுக்கு வேலை இல்லை. காலி வீட்டில் வந்து குடியேறியிருக்கின்றன.

"ஒண்ணாவது இருக்கா சார்?" என்று கேட்டேன்.

அவர் இருக்கிறது என்று ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. ஸ்லைடை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை மெதுவாக நகர்த்தினார். கீழே இறக்கி, மறுபடி திரும்பி வந்தார். நானும் கூடவே தேடினேன். ரோஸ் நிறத்தில் வட்டமாக ஏதாவது தெரிகிறதா என்று. ஒரு இடத்தில் நில்லுங்கள் என்றேன். அது ரத்த நாளம்.

"இந்தத் துண்டுல இல்ல மேடம்."

நன்றி சொல்லிவிட்டு எழுந்தேன். படியில் இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.

ஆகஸ்ட் 20, புதன்

எழுத வேண்டாம் என்று ஆறு நாள் தள்ளினேன்.

அம்மாவுக்கு நாக்கு வெந்துகிடந்தது. சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிடுவாள். வயிற்றுப் பொருமலுக்கு அமிலம் குறைக்கிற மாத்திரையை வருஷக்கணக்கில் கொடுத்தார்கள். இல்லாத அமிலத்துக்கு மாத்திரை. இருட்டில் நடக்க மாட்டாள், பயம் என்றோம். செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் ஒரு காலோடு பூசைக்குப் போனாள், புத்தி கெட்டுவிட்டது என்றோம். பிறகு நிஜமாகவே புத்தி தடுமாறியது. யாரோ சோற்றில் மருந்து கலக்கிறார்கள் என்று உன்னைப் பார்த்தே சொன்னாள். மனநோய் டாக்டர் மாத்திரை கொடுத்தார், ஜெபவீட்டில் நாற்பது நாள் இருத்தினோம், பாதிரியார் தலையில் கை வைத்தார். எத்தனையோ பேர் அவள் தலையைத் தொட்டார்கள். நாக்கை நீட்டு என்று ஒருவரும் சொல்லவில்லை.

அவளுக்கும் இதுதான் என்று என்னால் நிரூபிக்க முடியாது. அம்மாவின் வயிற்றிலிருந்து எடுத்த ஸ்லைடு எதுவும் உலகத்தில் இல்லை. ஆனால் நானும் அவளும் ஒரே பாதையில் நடந்திருக்கிறோம். நான் பாதியில் நிறுத்தப்பட்டேன், அவளை நிறுத்த யாரும் இல்லை.

மாதத்துக்கு ஒரு ஊசி, பெனி. அவ்வளவுதான் வேண்டியிருந்தது. அது சரியான காலத்தில் கிடைத்திருந்தால் அவள் இன்று உன் வீட்டில் உட்கார்ந்து உன் பிள்ளைக்குப் பழைய சேலையைக் கிழித்துத் துணி தைத்துக்கொண்டிருப்பாள்.

இதை உன்னிடம் எப்படிச் சொல்வேன். நீ பாய் போட்டுப் படுத்த இரவுகளை எல்லாம் எடுத்து வைத்து, இவை வேண்டியதே இல்லை என்று சொல்வது போல ஆகும்.

செப்டம்பர் 7, ஞாயிறு

மாமி மிளகாய் வற்றல் வறுத்தார். நெடி ஏறி ஒரு பெரிய தும்மல் போட்டார். நிவி அவரைப் பார்த்தாள். மறுபடி தும்மினார். உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. பிறகு சிரித்தாள்.

மாமி அடுப்பை அணைக்காமல் ஓடிவந்து வேண்டுமென்றே தும்மினார். பொய்த் தும்மல் என்று தெரிந்து அவள் சும்மா இருந்தாள். "ஏட்டி, நெசத் தும்மல்தான் வேணுமா உனக்கு" என்று திரும்பவும் போய் சட்டியின் மேல் முகத்தை நீட்டினார். மாலை முழுவதும் இந்த வீட்டில் ஆளாளுக்குத் தும்மல். அந்தோவுக்கு வரவே இல்லை. மூக்கில் நூல் விட்டுப் பார்த்தார்.

செப்டம்பர் 18, வியாழன்

பாளையங்கோட்டை. தலை நிற்கிறது. சத்தம் வந்த பக்கம் திரும்புகிறாள். ஆனால் இதைத்தான் கேட்கப் போனேன், கேட்டுவிட்டேன். "மத்த பிள்ளைங்க மாதிரி ஆயிருவாளா டாக்டர்?"

டாக்டர் பகவதி நிவியின் கையை விடாமலேயே பேசினார். "நடக்க லேட்டாகும். பேசவும் லேட்டாகலாம். படிப்புல எப்பிடின்னு இப்ப யாரும் சொல்ல முடியாது. மூளை வளருற நேரத்துல பட்டினி கெடந்திருக்கு. போனதுல கொஞ்சம் வரும், கொஞ்சம் வராது. எவ்வளவு வரும்னு நான் எழுதிக் குடுக்க முடியாதும்மா."

"இன்னும் கொஞ்சம் முந்தி வந்திருந்தா?"

"முந்தி வந்திருந்தா நல்லாயிருந்திருக்கும்" என்றார். அந்த அம்மாளுக்குப் பொய் சொல்ல வராது. பஸ்ஸில் வரும்போது அந்த வாக்கியம்தான் ஓடிக்கொண்டிருந்தது. முந்தி. எவ்வளவு முந்தி என்று எண்ணிப் பார்த்தேன். நிவி பிறப்பதற்கு முன்னால் என்றுதான் வந்தது. நீ இப்போது இருக்கிற இடம்.

செப்டம்பர் 19, வெள்ளி

பெனி, இதை நாளை காலை கூரியரில் போடுகிறேன். அம்மாவைப் பற்றி எழுதியதைக் கிழித்துவிட்டு மீதியை மட்டும் அனுப்பலாமா என்று நெடுநேரம் பக்கத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அதைக் கிழித்துவிட்டால் நீயும் ரூபன் சொன்னதையே சொல்வாய். நாங்கள் மீன் தின்கிறவர்கள், எங்களுக்கு வராது என்பாய். அம்மாவும் மீன் தின்றவள்தான். அதனால் கிழிக்கவில்லை. உனக்கு வலிக்கும் என்று தெரிந்தேதான் அனுப்புகிறேன்.

நீ பாய் போட்டுப் படுத்தது வீண் இல்லை. அவள் நோய்க்கு என்ன பெயர் என்று நம்மில் யாருக்கும் தெரியாது. தெரியாத அந்த நோயோடு அவள் தனியாகக் கிடக்காமல் பார்த்துக்கொண்டவள் நீ ஒருத்திதான். இதை நான் முன்பே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும்.

இனி செய்ய வேண்டியது. ரத்தம் நன்றாக இருக்கிறது என்று சொன்னார்கள் என்று விட்டுவிடாதே. கர்ப்பத்துக்குக் கொடுக்கிற ஃபோலிக் மாத்திரை ரத்தத்தைச் சரியாக்கிக் காட்டிவிடும், நரம்பைக் காப்பாற்றாது. எனக்கும் அப்படித்தான் ஆயிற்று. பி12 அளவைத் தனியாகப் பார்க்கச் சொல். சுவர் செல்களுக்கு எதிரான சோதனையையும் கேள். அக்காவுக்கு இருக்கிறது, அம்மாவுக்கும் இருந்திருக்கலாம் என்று சொல். சைவமா அசைவமா என்று அவர்கள் கேட்டால், அது கேள்வி இல்லை என்று சொல். குறைவாக இருந்தால் ஊசி போட்டுக்கொள்ளலாம், பிள்ளைக்கும் போய்ச் சேரும், இன்னும் நேரம் இருக்கிறது.

உனக்கு ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். அப்படியே இருக்கட்டும். அப்போது என்னை இன்னும் கொஞ்ச நாள் திட்டு.

என் எண்ணை அடைத்தே வைத்திரு, பரவாயில்லை. சோதனை முடிவை மட்டும் அந்தோவின் எண்ணுக்கு அனுப்பு. பி12 அளவு மட்டும் போதும், வேறு ஒன்றும் எழுத வேண்டாம். சீக்கிரம் பதில் போடு.